கையொப்பம் யாருடையது?

எழுத்தறியாதவர் மிகுந்திருந்த நாளில் அஞ்சல் நிலையத்து வாயிலில், மரத்து நிழலில் ஒருவர் அமர்ந்திருப்பார். மடியில் பலகை, கையில் பேனா, எதிரே ஒரு தாய். மகன் தொலைவில் இருப்பான். அவள் தன் உள்ளத்தில் உள்ளதைச் சொல்வாள். அவர் தன் பேனாவில் வந்ததை எழுதுவார். எழுதி முடித்தபின் தாளின் ஓரத்தைக் காட்டி, "இங்கே ரேகை வை" என்பார். அவள் வைப்பாள். தாளில் இருந்தது அவள் சொன்னதுதானா? அவளுக்குத் தெரியாது. ரேகை அவளுடையது, சொல் எவருடையதோ!

அந்த மரத்தடி மறைந்துவிட்டது என்று மகிழ்கிறோம். பள்ளிகள் பெருகின, படித்தோர் பெருகினர், கடிதம் எழுத இன்று கூலி கொடுப்பாரில்லை. ஆனால் ஜூலைத் திங்கள் பிறக்கட்டும். ஊர்க் கடைத்தெருவிலே, மாடிப்படிக்குக் கீழே, கணிப்பொறி ஒன்றும் அச்சுப்பொறி ஒன்றும் வைத்திருக்கும் சிற்றறையின் முன்னே நிற்போர் யார்? பட்டம் பெற்ற ஆசிரியர், அலுவலக எழுத்தர், மின்வாரிய ஊழியர், மருந்துக்கடைக்காரர். எழுத்தறிந்தவர்களே நிற்கிறார்கள், வருமான வரிக் கணக்கு எழுதி வாங்க. அறைக்குள் இருப்பவர் தணிக்கைப் பட்டயம் பெற்றவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஊர் அவரை 'ஆடிட்டர்' என்றே அழைக்கும். அவர் எழுதுவார், நாம் ரேகை வைப்போம்.

உதவி நாடுவது இழுக்கு என்று சொல்ல நாம் வரவில்லை. நோயுற்றவன் மருத்துவனை நாடுகிறான். வீடு கட்டுபவன் கொத்தனாரை நாடுகிறான். வரிச் சட்டம் கற்றவன், கல்லாதவனுக்குக் கணக்கெழுதித் தருவது நல்ல தொழில். நாட்டுக்குத் தேவையான தொழில். நம் கேள்வி வேறு. உதவியைக் கூலிக்குப் பெறலாம். பொறுப்பைக் கூலிக்குக் கொடுக்கலாமா? பிறர் கையால் எழுதலாம். பிறர் மனச்சான்றால் கையொப்பமிடலாமா?

இக்கேள்வி ஏட்டிலே பிறந்ததன்று. நம் வாழ்விலே பிறந்தது. வெட்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அதனைச் சொல்லியாக வேண்டும்.

நாம் ஆசிரியப் பணியேற்ற தொடக்க ஆண்டு, 2022-23. கழிக்கத்தக்கவை எல்லாம் கழித்தபின் வரிக்குரிய வருமானம் 5,40,000 ரூபாய். அவ்வாண்டின் பழைய வரிமுறையில் 5,00,000 ரூபாயைத் தாண்டாதவர்க்கு வரி முழுவதும் தள்ளுபடி. தாண்டியவர்க்கோ 2,50,000க்கு மேற்பட்ட தொகை முழுவதற்கும் வரி. முதற் படிக்கு 12,500. எஞ்சிய 40,000க்கு நூற்றுக்கு இருபது வீதம் 8,000. அதன்மேல் நான்கு விழுக்காடு கூடுதல் தீர்வை 820. ஆக 21,320 ரூபாய். பள்ளி அலுவலகம் இதனைச் சம்பளத்திலேயே பிடித்துச் செலுத்திவிட்டு, 16ஆம் படிவத்தை நம் கையில் கொடுத்தது.

ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு இருந்தது. "நகரத்தில் ஒருவர் இருக்கிறார், பிடித்த பணத்தை முழுதாகத் திருப்பி வாங்கித் தருகிறார், வருவதில் பத்தில் ஒரு பங்கு அவருக்கு." மூத்தோர் பலர் கொடுத்தனர், நாமும் கொடுத்தோம். படிவத்தைக் கொடுத்தோம், பான் எண்ணைக் கொடுத்தோம், கடவுச்சொல்லையும் கொடுத்தோம். ஒரு மாலைப்பொழுது அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "சார், இப்ப ஒரு நம்பர் வரும், சொல்லுங்க" என்றார். கைபேசியில் ஆறிலக்க எண் வந்தது. கடைவீதி இரைச்சலில் நின்றபடி உரக்கச் சொன்னோம். ஆறு எண்கள், ஆறு நொடிகள். சில வாரங்களில் 21,320 ரூபாய் வங்கிக்கு வந்தது. அவருடைய பங்கைக் கொடுத்தோம். எஞ்சியதில் அன்னைக்கு ஒரு சேலை வாங்கினோம். எப்படி வந்தது என்று கேட்கவில்லை. கேளாமையைப் பணிவு என்று எண்ணினோமோ, கேட்டால் விடை கிடைத்துவிடுமே என்று அஞ்சினோமோ!

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் வரிகளைப் பற்றிய பாடம். நேர்முக வரி, மறைமுக வரி என்று கரும்பலகையில் இரண்டாகப் பிரித்தெழுதினோம். வரி கொடுப்பது குடிமகனின் கடமை என்று முழங்கினோம். முழக்கம் ஓய்ந்ததும் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அவளுடைய தாய் பேருந்து நிலையத்தருகே பூ விற்பவள்.

"சார், நீங்க வரி கட்டுறீங்களா?"

குறும்பில்லை அக்கேள்வியில், அறிய விழையும் அவாதான். "கட்டுகிறேன் அம்மா" என்றோம். சொன்ன நாவுக்கு அது பொய்யென்று தெரியாது. ஆனால் மெய்யென்றும் தெரியாது. அன்றிரவு நம் பெயரிலிருந்த கணக்கை முதன்முறையாகத் திறந்து படித்தோம். நாம் பெயரே கேட்டிராத ஓர் அரசியற் கட்சிக்கு 50,000 ரூபாய் நன்கொடை வழங்கியிருக்கிறோம்! ஆகவே வரிக்குரிய வருமானம் 4,90,000. ஆகவே வரி இல்லை. அடியில் ஓர் உறுதிமொழி: இதிலுள்ளவை எல்லாம் என் அறிவுக்கு எட்டியவரை உண்மையானவை, முழுமையானவை என்ற பொருளில். அதன் கீழே நம் பெயர். கடைவீதியில் நின்று கூவிய ஆறு எண்களே நம் கையொப்பம்.

மரத்தடித் தாயை எண்ணிப் பார்த்தோம். அவளுக்கேனும் எழுத்துத் தெரியாது. நமக்கு?

தனிமனிதன் ஒருவனின் தடுமாற்றம் இது என்று எண்ண வேண்டா. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை நாடெங்கும் 150 இடங்களில் ஆய்வு தொடங்கியது. பொய்க் கழிவுகளைக் காட்டிப் பிறர்க்குப் பணம் திரும்ப வாங்கித் தரும் கூட்டங்களே அதன் இலக்கு. வாடகை கொடாதவர்க்கு வாடகைக் கழிவு, நன்கொடை வழங்காதவர்க்கு நன்கொடைக் கழிவு, கல்விக் கடன் வாங்காதவர்க்குக் கடன் வட்டிக் கழிவு. அதற்கு முந்தைய நான்கு திங்களில் ஏறத்தாழ 40,000 பேர் தாங்களே முன்வந்து தம் கணக்கைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவிலான பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றனர் என்றும் அரசு அறிவித்தது. அவ்வறிவிப்பில் மற்றொரு செய்தியும் இருந்தது. எழுதித் தருவோர் சிலர் கணக்கைப் பதிவதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உண்டாக்கி, வேலை முடிந்ததும் கைவிட்டுவிடுகின்றனராம். துறை கேட்கும் கேள்வி அந்த ஆளற்ற முகவரிக்குப் போகும். உரியவர் உறங்கிக்கொண்டிருப்பார்.

நம்முடன் பணியாற்றும் மூத்த ஆசிரியை ஒருவருக்கு நேர்ந்தது இதுவே. பலமுறை கேட்டு, விடை கிடைக்காமல், இறுதியில் தாளாக வீட்டு வாயிலுக்கு வந்து நின்றது கேள்வி. அவர் நகரத்து அறைக்கு ஓடினார். அறை பூட்டியிருந்தது. தவறான தகவல் தந்து வருமானத்தைக் குறைத்துக் காட்டியவர்க்கு, அதற்குரிய வரியைப்போல் இருமடங்கு தண்டம் விதிக்கச் சட்டம் இடந்தருகிறது. எழுதியவர் பெயர் அத்தாளில் எங்கும் இல்லை. அவர் பெயர் மட்டுமே இருக்கிறது. ஏனெனில், சட்டத்தின் கண்ணுக்குக் கணக்கைத் தந்தவர் அவரே. தரகர் வெறும் காற்று.

குற்றம் யாருடையது? எழுதித் தந்தவனுடையதா? ஆம். பொய்யை விற்றுப் பிழைப்பவன் வரியை மட்டும் திருடவில்லை. நம்பியவரின் நற்பெயரையும் திருடுகிறான். அவனுக்குத் தண்டனை வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்தில்லை. ஆனால் அவனைத் தூற்றிவிட்டு நாம் தூய்மையாகிவிட முடியுமா? திரும்பி வரும் பணத்தில் பங்கு என்று அவன் சொன்னபோதே நமக்கு ஐயம் வந்திருக்க வேண்டாமா? நோயைக் குணமாக்கக் கூலி கேட்பவன் மருத்துவன். பிறர் வீட்டுப் பொருளைக் கொண்டுவந்து அதில் பங்கு கேட்பவனுக்கு வேறு பெயர் உண்டு. அவன் கொண்டுவந்தது பொதுப் பணம். வாங்கிய கை நம் கை.

"தெரியாமல் செய்தேன்" என்பது எப்போது மன்னிப்புக்குரியது? தெரிந்துகொள்ள வழியில்லாதபோது. வழியிருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டவனின் அறியாமை அறியாமையன்று, அது வசதி. அறிவை விரும்பி மறுப்பவன், அறிந்து தவறு செய்பவனைவிட எவ்வகையில் உயர்ந்தவன்? இவன் தன்னையும் சேர்த்தன்றோ ஏமாற்றுகிறான்!

2022இல் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது. தவறிய கணக்கைத் தாமே புதுப்பித்துத் தரலாம். கூடுதல் வரி கட்ட வேண்டும். அதற்கான கால எல்லையை 2025இல் நான்கு ஆண்டுகளாக நீட்டினர்; காலம் தாழத் தாழக் கூடுதல் வரியும் ஏறும். நாம் 2025 பிப்ரவரியில் அவ்வாயிலில் நுழைந்தோம். வாங்கிய 21,320 ரூபாய், அதன் வட்டி, அவ்விரண்டின்மேல் 25 விழுக்காடு கூடுதல் வரி. ஒரு திங்கட் சம்பளத்தின் பெரும்பகுதி போயிற்று. போனது பணம், வந்தது உறக்கம்.

அந்த வாயிலைக் காட்டியவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் நன்றி மறந்தவர் ஆவோம். அவர் ஓய்வுபெற்ற கணக்கர். வீட்டுத் திண்ணையே அவர் அலுவலகம். திரும்பி வரும் தொகை ஆயிரமாயினும் இலட்சமாயினும் அவர் வாங்குவது ஒரே கட்டணம். "வர்ற பணத்துல பங்கு வாங்கினா, நிறைய வரவைக்கணும்னு எனக்கே ஆசை வந்துடும் தம்பி" என்பார். கணக்கை எழுதி முடித்தபின் ஒவ்வொரு வரியையும் தமிழில் உரக்கப் படித்துக் காட்டுவார். இறுதியில் ஆறிலக்க எண் வந்ததும் நாம் பழக்கத்தால் சொல்ல வாயெடுத்தோம். கைகாட்டி நிறுத்தினார். "எங்கிட்ட சொல்லாதீங்க தம்பி. நீங்களே அடிங்க" என்று விசைப்பலகையை நம் பக்கம் திருப்பினார். எத்தனையோ அறநூல்கள் எடுத்துரைத்ததை ஒரு விசைப்பலகையைத் திருப்பிவைத்து உணர்த்திவிட்டார் அந்த முதியவர்.

அதே திண்ணையில் மற்றொரு நாள் மளிகைக் கடைக்காரர் ஒருவர் வந்தமர்ந்தார். முகத்தில் அச்சம். 2025 ஜூலையில் பெங்களூருவில், கைபேசிவழி வந்த பணத்தைக் கணக்கிட்டுச் சிறு வணிகர்களுக்கு அம்மாநில வணிகவரித்துறை அறிவிப்பு அனுப்பியது. அஞ்சிய வணிகர் பலர் 'பணம் மட்டுமே' என்று கடையில் எழுதி வைத்தனர். அச்செய்தி இங்கும் எட்டியிருந்தது. "நானும் அந்த ஸ்கேன் அட்டையை எடுத்துடட்டுமா ஐயா?" என்றார் கடைக்காரர்.

முதியவர் தாளை எடுத்தார். ஆண்டு விற்பனை 30 இலட்சம். தமிழ்நாட்டில், மாநிலத்துக்குள் சரக்கு மட்டும் விற்பவர்க்கு 40 இலட்சம் வரை பொதுவாகச் சரக்கு சேவை வரிப் பதிவு தேவையில்லை. வருமான வரிக்கோ, சிறு வணிகர்க்கென ஓர் எளிய வழி உண்டு. ஒவ்வொரு செலவுக்கும் சீட்டு வைத்துக் கணக்கெழுத இயலாதவர், விற்பனையில் ஒரு பங்கையே இலாபமாகக் காட்டலாம். வங்கிவழி வந்ததில் ஆறு விழுக்காடு, ரொக்கமாக வந்ததில் எட்டு விழுக்காடு. வங்கிவழி வந்த 20 இலட்சத்துக்கு 1,20,000. ரொக்கம் 10 இலட்சத்துக்கு 80,000. ஆக 2,00,000 ரூபாய். அட்டையை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ரொக்கமாக வாங்கினால் 2,40,000. "அட்டையை எடுத்தா உமக்குத்தான் கணக்கு ஏறும்" என்று சிரித்தார்.

அதன்பின் அவர் கேட்ட கேள்வியில்தான் அறம் இருந்தது. "உண்மையில உமக்கு எவ்வளவு மிஞ்சுது?" கடைக்காரர் தயங்கிச் சொன்னார்: மாதம் முப்பதாயிரம். "அப்படீன்னா வருசத்துக்கு 3,60,000. அதையே எழுதுவோம்." இரண்டு இலட்சம் என்று எழுத வழியிருக்கும்போது ஏன் கூட்டி எழுத வேண்டும் என்று கடைக்காரர் திகைத்தார். சட்டம் சொல்லும் அந்த விழுக்காடு அடித்தளம். அதற்கு மேல் ஈட்டியவர் ஈட்டியதைக் காட்டுவதே முறை என்றார் முதியவர். 2025-26ஆம் ஆண்டின் புதிய வரிமுறையில் 4 இலட்சம் வரை வரியே இல்லை. 12 இலட்சம் வரை தள்ளுபடியும் உண்டு. எனவே உண்மையைச் சொல்வதால் அவருக்கு ஒரு காசும் இழப்பில்லை. மறுநாள் கடையை விரிக்க வங்கியில் கடன் கேட்டால் அந்த உண்மையே அவருக்குப் பிணையாக நிற்கும். இத்தனை ஆண்டுகள் அம்மனிதர் எதற்கு அஞ்சினார்? வரிக்கா? இல்லை, அறியாமைக்கு. அறிவைத் தருபவன் அச்சத்தைப் போக்குகிறான். அச்சத்தை வளர்ப்பவன் அதனை விற்றுப் பிழைக்கிறான். ஒரே தொழிலில் இரு வகையினர்! இவ்விருவரையும் பிரித்தறியும் கண் நமக்கு வேண்டும்.

"அப்படியானால் வரியைக் குறைக்கத் திட்டமிடுவதே தவறா?" என்று கேட்கலாம். தவறன்று. பழைய வரிமுறையா புதிய வரிமுறையா, எது தனக்கு ஏற்றது என்று ஆராய்வது தவறன்று. முதுமைக்கென்று சேமிப்பவனுக்குச் சட்டம் கழிவு தருகிறதெனில் அதனைக் கொள்வது அவன் உரிமை. நாடு விரும்பும் செயலைச் செய்தமைக்கு நாடு தரும் பரிசு அது. 1985இல் மெக்டவல் வழக்கில் உச்சநீதிமன்றம் இந்த எல்லையைத்தான் வகுத்தது: சட்டத்தின் வரம்புக்குள் நிற்கும் திட்டமிடல் முறையானது, போலிப் பூச்சுப் பூசிய சூழ்ச்சி திட்டமிடல் ஆகாது. சட்ட நூலறியாத எளியவர்க்கு நாம் ஓர் அளவுகோல் சொல்வோம். நீ எழுதும் வரியை, வரி அலுவலரும் உன் மகளும் அருகிருக்க உரக்கப் படிக்க முடியுமா? முடியுமெனில் அது திட்டம். குரல் தாழுமெனில் அது திருட்டு.

இனி, எதிர்வாதங்களையும் எதிர்கொள்வோம். "கோடி கோடியாய் ஏய்ப்பவன் மாளிகையில் உலவுகிறான், இருபதாயிரத்துக்கு ஏழை ஆசிரியன் ஏன் மனம் வருந்த வேண்டும்?" இவ்வாதத்தில் சினம் இருக்கிறது, அது நேர்மையான சினம். ஆனால் முடிவு நேர்மையானதன்று. மலையளவு திருடுபவனைக் கேள்வி கேட்க வேண்டுமெனில், தினையளவும் திருடாத கை வேண்டும். கறைபட்ட விரலை நீட்டிக் குற்றம் சாட்டினால் குற்றவாளி நகைப்பான். "நீயும் நானும் ஒன்றுதான், அளவில்தான் வேறுபாடு" என்பான். அவனுக்கு அந்த மகிழ்ச்சியை நாம் ஏன் தரவேண்டும்?

"அரசு வீண்செலவு செய்கிறதே, அதற்கு ஏன் அழ வேண்டும்?" என்பது மற்றொன்று. வீண்செலவைத் தட்டிக் கேட்க வாக்கு இருக்கிறது, மேடை இருக்கிறது, ஏடு இருக்கிறது. ஏய்ப்பு இருளிலே நடப்பது. அது எந்த அரசையும் திருத்தியதில்லை. எதிர்ப்பு வெளிச்சத்திலே நடப்பது. 1930இல் வேதாரண்யத்தில் உப்பெடுத்தோர் ஒளிந்து எடுக்கவில்லை, சொல்லிவிட்டு எடுத்தனர், சிறையை ஏற்றனர். வரி மறுத்தவனை வீரன் என்று போற்றும் மரபு நமக்கு உண்டு. 1799இல் தூக்கிலேறிய கட்டபொம்மனை நாம் மறக்கவில்லை. இந்திய மண்ணில் வருமான வரி நுழைந்ததே 1860இல், 1857 கிளர்ச்சியால் நேர்ந்த செலவை ஈடுகட்ட, ஆங்கில ஆட்சியின் நிதிப் பொறுப்பாளர் ஜேம்ஸ் வில்சன் கையால். நம்மைக் கேளாமல் நம்மிடம் பறித்த பணம் அது. அயலானுக்கு மறுத்தல் ஆண்மை. ஆனால் இன்று ஆள்வோரை அனுப்புவதும் நாம், அகற்றுவதும் நாம். இன்றும் அந்தப் பழைய வீரத்தின் பெயரைச் சொல்லிப் பொய்க்கணக்கு எழுதுவது வீரமா? வீரனின் உடையை அணிந்த கோழையின் வேலை அது.

"வரி கட்டுவோர் சிலர், பயன் பெறுவோர் பலர்" என்று சலித்துக்கொள்வோரும் உண்டு. பூக்காரியின் மகள் கேட்ட கேள்விக்குள் இதற்கு விடை இருக்கிறது. அவள் தாய் வருமான வரி கட்டுவதில்லை. ஆனால் வழலைக்கட்டி வாங்குகிறாள், வரி கொடுக்கிறாள். பற்பசை வாங்குகிறாள், வரி கொடுக்கிறாள். பொது விற்பனை வரி என்பதை இந்தியாவிலேயே முதன்முதல், 1939இல், நம் சென்னை மாகாணமே விதித்தது. இன்று அது சரக்கு சேவை வரியாக 2017 ஜூலை முதல் நாடு முழுதும் பரவியிருக்கிறது. வழலைக்கும் பற்பசைக்கும் 18 விழுக்காடாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடாகக் குறைந்தது. மாணவரின் குறிப்பேட்டுக்கும் பென்சிலுக்கும் வரியே நீங்கியது. நல்லது. ஆனால் அத்தனை ஆண்டுகள் அவள் கொடுத்தாளே! அவளுக்கு ஆடிட்டர் உண்டா? கழிவு உண்டா? திரும்பி வரும் பணம் உண்டா? ஒளிக்க வழியில்லாத ஏழை, ஒவ்வொரு நாளும் கடைத்தெருவில் ஒழுங்காக வரி செலுத்துகிறாள். ஒளிக்க வழி தெரிந்த படித்தவன், அவள் கொடுத்த பணத்திலிருந்து 21,320 ரூபாயை எடுத்துச் சேலை வாங்குகிறான். இதை எழுதும்போது நம் கை கூசுகிறது, கூச வேண்டும்.

அரசுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்ன அறிவுரை புறநானூற்றில் 184ஆம் பாடலாக நிற்கிறது. சிறு நிலத்து நெல்லைக் கவளமாக்கி ஊட்டினால் யானைக்குப் பல நாள் உணவாகும். யானையே வயலுக்குள் புகுந்தால் தின்பதைவிட மிதித்து அழிப்பதே மிகும் என்பது அதன் கருத்து. வரியின் அளவுக்கு மட்டும் சொன்னதன்று அது; வரி கேட்கும் முறைக்கும் பொருந்தும். முதற் குலோத்துங்கனை மக்கள் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பாராட்டினர். எல்லா வரியையும் எந்த அரசும் தவிர்த்துவிட முடியாது. ஆனால் குழப்பத்தைத் தவிர்க்கலாமே! 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் ஆண்டுதோறும் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு 819 பிரிவுகளாக வீங்கியது. 2025இல் நிறைவேறிய புதிய சட்டம் அதனை 536 பிரிவுகளாகச் சுருக்கியது. 2026 ஏப்ரல் 1 அதன் நடைமுறை நாள். 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்று மக்களைக் குழப்பிய இரட்டைப் பெயரை நீக்கி 'வரி ஆண்டு' என்று ஒரே பெயர் வைத்தது. வரவேற்போம். எனினும் 536 பிரிவுகளையும் பூக்கடைக்காரியோ மளிகைக்கடைக்காரரோ படித்துத் தெளிவாரா? அவர்களுக்குச் சட்டம் என்பது எழுதித் தருபவர் வாயிலிருந்து வரும் தமிழ்தான். பட்டதாரிகளைப் பயிற்றுவித்து எளியோர்க்குக் கணக்கெழுத அனுப்பும் திட்டம் ஒன்றை நடுவண் அரசு 2006இல் வகுத்தது. அந்த எண்ணம் சரியானது. ஊர்தோறும் நூலகம் இருப்பதுபோல, ஊர்தோறும் அந்தத் திண்ணை முதியவரைப் போன்ற ஒருவர் இருக்க வேண்டும். கேட்பதற்கு அரசுக்கு உரிமை உண்டெனில், கேட்பது விளங்குமாறு கேட்கும் கடமையும் உண்டு.

பள்ளிக்கும் ஒரு கடமை உண்டு. தனிவட்டி, கூட்டுவட்டி, விழுக்காடு எல்லாம் கற்பிக்கிறோம். ஒரு சம்பளச் சீட்டைப் படிக்கக் கற்பிப்பதில்லை. இவ்வாண்டு நாம் அதனைத் தொடங்கினோம். கற்பனை மளிகைக் கடை ஒன்றின் கணக்கைக் கரும்பலகையில் எழுதி, மாணவரையே வரி கணக்கிடச் சொன்னோம். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். நாம் பத்தில் ஒரு பங்கு கொடுத்து மறைத்து வாங்கிய அறியாமையை, பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஒரு வகுப்பில் துடைத்தெறிந்தார்கள்!

மணி அடித்தது. உணவுக் கூடத்தில் தட்டுகள் ஒலித்தன. 1956இல் காமராசர் ஆட்சியில் பரவி, 1982இல் சத்துணவாக விரிந்து, 2022இல் காலை உணவையும் சேர்த்துக்கொண்ட அந்தப் பெருஞ்சோறு யார் பணம்? பெயரில்லாத, முகமில்லாத, எண்ணிறந்த கைகள் கொடுத்த பணம். வழலை வாங்கிய கையும் அதில் உண்டு. வரிசையில் அந்தப் பூக்காரியின் மகள் நின்றாள். அவளிடம் சென்று, "அன்று நீ கேட்டாயே அம்மா, அப்போது நான் சொன்னது சரியில்லை. இப்போது கட்டிவிட்டேன்" என்றோம்.

அவள் சிறிது விழித்தாள். பின்னர், "எவ்வளவு சார்?" என்றாள்.

சொன்னோம். காசு பிசகாமல் சொன்னோம். தோழர்களே! கணக்கெழுத வல்லாரைத் தேடுங்கள், கூலி கொடுங்கள், அறிவுரை கேளுங்கள். ஆனால் எழுதியதைப் படியுங்கள். ஆறு எண்களை அடிக்கும் விரல் உங்கள் விரலாக இருக்கட்டும். நாளை ஒரு குழந்தை கேட்கும்போது, எவ்வளவு என்று சொல்லும் குரலும் உங்கள் குரலாக இருக்கட்டும்.